தரங்கம்பாடியில் ஓர் அந்நிய உபாத்தியாயர்

தேசம் விட்டுத் தேசம் சென்று, தன் பாஷை அறியாத மக்களின் நடுவே குடியிருந்து, அவர்களுடைய குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் இளம் உபாத்தியாயரின் வாழ்க்கை எப்படி நடக்கும் என்று, அத்தகைய உத்தியோகத்தை நாடிப் பெட்டி கட்டும் பிள்ளைகள் நம் காவிரிக்கரை ஊர்களிலும் தோன்றியிருக்கும் இந்நாளில், பெற்றோர் முன்கூட்டியே அறிந்துகொள்ள விரும்புவது இயற்கை. ஜாகை எங்கே கிடைக்கும், சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, சம்பளம் காலத்தில் கைக்கு வருமா, மேலதிகாரிகள் எப்படிப்பட்டவர்கள், எதிரே உட்காரும் குழந்தைகள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று கவலைகளுக்குக் குறைவில்லை. இந்தக் கவலைகள் அத்தனையும் பட்டு, தம்முடைய நாட்கள் மணிக்கு மணி எப்படிக் கழிந்தன என்பதை எழுதியும் வைத்த ஓர் இளைஞரின் சரித்திரம், நம் திருவிடைமருதூருக்குக் கிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை ஆகியவற்றைக் கடந்து போனால் வரும் தரங்கம்பாடிக் கடற்கரையில் நடந்தது. அவர் நம்மிடமிருந்து வெளிநாடு போனவரல்லர். வெளிநாட்டிலிருந்து நம்மிடம் வந்தவர். பார்த்தலோமேயு சீகன்பால்கு என்பது அவர் பெயர்.

தமிழில் பைபிளின் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் என்ற அளவில் அவரைப் பலரும் அறிவார்கள். அச்சுக்கூடத்தின் கதையைப் பிறர் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதனினும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, கற்பிக்க வந்த ஒருவர் கற்பிப்பதற்கு முன் எவ்வளவு பணிவோடும் எவ்வளவு சிரத்தையோடும் மாணாக்கராக இருந்தார் என்பதும், அவருக்குப் பாடம் சொன்ன நம்மவர்கள் யார் என்பதுமேயாகும்.

தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-ஆம் ஆண்டில் டேனிஷ்காரர்களுக்கு வியாபாரத்தின் பொருட்டு அனுமதி வழங்கிய நாள் முதல், தரங்கம்பாடி அவர்களுடைய கோட்டையூராக இருந்து வந்தது. டென்மார்க்கு தேசத்து அரசர் நான்காம் பிரடெரிக்கு, அங்கே சமயப் பிரசாரமும் கல்விப் பணியும் செய்ய ஆட்களைத் தேடியபோது கிடைத்தவர்கள் இருவரும் ஜெர்மானியர்கள். அவர்களில் இளையவரான சீகன்பால்கு, சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்சு என்ற சிற்றூரில் 1682-ல் பிறந்து, ஹல்லே நகரத்தில் பிராங்கே என்ற பெரியவரின் வித்தியாசாலையில் பயின்றவர். மற்றவர் புளூட்சோ. ஏழு மாதங்களுக்கு மேற்பட்ட கப்பற் பிரயாணத்துக்குப் பிறகு, 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி அவர்கள் கரை இறங்கியபோது, சீகன்பால்குக்கு வயது 24 கூட நிரம்பியிருந்ததாகச் சொல்ல முடியாது. அரசருடைய ஆணை கையில் இருந்தும் கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவர்களை விரும்பவில்லை. வியாபாரத்துக்காக வந்த டேனிஷ் கம்பெனிக்காரர்களுக்கு, உள்ளூர் மக்களோடு நெருங்கிப் பழக வந்த இந்த இளைஞர்கள் உபத்திரவமாகவே தோன்றினார்கள். வந்து இறங்கிய அன்றே, தங்க இடம் சொல்வாரின்றி அவர்கள் நெடுநேரம் தெருவில் நிற்க நேர்ந்தது. வேலைக்கு அழைத்த இடத்தில் வரவேற்பு இல்லாமற் போவது அந்நிய தேசத்தில் எவ்வளவு கலக்கத்தை உண்டாக்கும் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

அக்காலத்தில் கடற்கரைப் பட்டினங்களில் ஐரோப்பியர்களுக்கும் நம்மவர்களுக்கும் இடையே பேச்சு நடந்ததெல்லாம் உருமாறிய போர்த்துகீசிய பாஷையிலேதான். வந்தவர்கள் முதலில் அதைக் கற்றார்கள். ஆனால் துறைமுகத்துத் தரகர்களோடு பேச உதவும் அந்தப் பாஷை, வீட்டுக்குள்ளேயும் வயற்காட்டிலும் செல்லாது என்பதைச் சீகன்பால்கு சில வாரங்களிலேயே உணர்ந்துகொண்டார். போர்த்துகீசிய வேலையைத் தோழரிடம் விட்டுவிட்டுத் தாம் தமிழுக்கு ஆட்பட்டார். இலக்கணப் புத்தகம் கையில் இல்லை. அகராதி இல்லை. அவர் செய்தது இதுதான்: ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்த, ஏறக்குறைய எழுபது வயது நிரம்பிய ஒரு வாத்தியாரை அணுகி, அவருடைய பள்ளிக்கூடத்தை அப்படியே தம்முடைய வீட்டுக்கு மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். வாத்தியார் இசைந்தார். பிள்ளைகள் வந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் வரிசையில் தாமும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்தெழுதப் பழகினார் அந்த ஜெர்மானிய இளைஞர்.

திண்ணைப் பள்ளியைக் கண்ணால் கண்டவர்கள் இன்று அருகிவிட்டபடியால், அது நடந்த விதத்தைச் சிறிது சொல்ல வேண்டும். பொழுது விடியுமுன்பே பிள்ளைகள் வந்துவிட வேண்டும். முதலில் வருபவனுக்கு ‘வேத்தான்’ என்று பெயர், அன்றைக்கு அவனுக்குத் தனி மரியாதை. தரையில் மணலைப் பரப்பி, வாத்தியாரோ, பெரிய பிள்ளைகளில் ஒருவனான சட்டாம்பிள்ளையோ ஓர் எழுத்தை எழுதிக் காட்டுவார். புதிதாகச் சேர்ந்த பிள்ளை அதன் மேலேயே தன் விரலை ஓட்டிக்கொண்டு, அந்த எழுத்தின் ஓசையை உரக்கச் சொல்ல வேண்டும். விரல் தப்பினால் மணலைத் தடவி அழித்துவிட்டு மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். வாய் சும்மா இருக்கக் கை மட்டும் எழுதுவது அங்கே கிடையாது. கை சும்மா இருக்க வாய் மட்டும் ஒப்பிப்பதும் ஆரம்பத்தில் கிடையாது. எழுத்துக் கைவந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும். அதன் பின்னர் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, எண்சுவடி. பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டைப் பின்னாளில் சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் கண்டு வியந்து, மணலெழுத்தையும் சேர்த்துத் தாம் நடத்திய அனாதைப் பள்ளியில் கையாண்டு, 1797-ல் அதைப்பற்றி ஒரு நூலும் எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் அந்த முறையில் ஏராளமாக ஏற்பட்டன. நம் திண்ணை வாத்தியார்கள் பிரம்பு ஒன்றைத் தவிர வேறு உபாயம் அறியாதவர்கள் என்று இகழ்ந்து பேசுவோர் இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எழுத்து வந்தது, அர்த்தம் வரவில்லை. வாத்தியாருக்கு ஜெர்மானிய பாஷையும் தெரியாது, போர்த்துகீசிய பாஷையும் தெரியாது. மாணாக்கர் வாசிப்பார், வாசித்தது என்ன என்பது அவருக்கு விளங்காது. இந்த இடத்தில்தான் அழகப்பன் வருகிறார். கம்பெனியில் துவிபாஷி வேலை பார்த்தவர். போர்த்துகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் ஆகிய பாஷைகளைப் பேசக்கூடியவர். அவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டு, சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டு எழுதிக்கொள்ளத் தொடங்கினார் சீகன்பால்கு. எட்டு மாதங்களில் தமிழிற் பேசும் ஆற்றல் அவருக்கு ஏற்பட்டுவிட்டது. அழகப்பனுக்கு இதனால் கிடைத்த பலன் வேறு விதமானது. இந்தப் பாதிரிமார்களுக்கு அணுக்கமாயிருந்ததன் காரணமாகக் கோட்டை அதிகாரத்தின் சினத்துக்கு ஆளாகி அவர் ஊரைவிட்டு நீங்க நேர்ந்தது. தஞ்சைச் சீமையில் சிறைவாசமும் அனுபவித்தார். பாஷை ஆசிரியர்களின் தியாகங்களைப்பற்றிப் பேசும்போது நாம் முதலில் நினைக்க வேண்டியவர்களில் அவர் ஒருவர்.

இனி, அந்த இளைஞர் ஒரு நாளைக் கழித்த விதம். 1708-ஆம் ஆண்டில் தாம் சேகரித்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஓர் அட்டவணை எழுதியபோது, பாஷை கற்ற காலத்துத் தமது நித்திய கருமங்களையும் அவர் அதிலே விவரித்திருக்கிறார். காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரையில், முன்னே எழுதி வைத்திருந்த சொற்களையும் தொடர்களையும் மீண்டும் ஒருமுறை ஒப்பித்துப் பார்ப்பது. எட்டு மணி முதல் பகல் பன்னிரண்டு மணி வரையில், அதற்கு முன் வாசித்திராத தமிழ் நூல்களை மட்டும் வாசிப்பது. அப்போது பக்கத்தில் இருவர் இருப்பார்கள்: ஒருவர் வயது முதிர்ந்த புலவர், மற்றவர் எழுத்துக்காரர். வாசிக்கையில் புதிய சொல் ஒன்று வந்தவுடன் எழுத்துக்காரர் அதைக் குறித்துக்கொள்வார். செய்யுள் கடினமாக இருந்தால் புலவர் அதைப் பேச்சு வழக்கிலே எடுத்துச் சொல்லிப் பொருள் விளக்குவார். உணவு உண்ணும் நேரத்திலும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரையில் மறுபடியும் தமிழ் நூல்கள். இரவு ஏழு மணி முதல் எட்டு மணி வரையில், விளக்கொளியில் ஓலையெழுத்தைப் பார்த்துக் கண் கெடாதிருக்கும் பொருட்டு, தாம் வாசிக்காமல் மற்றொருவரை வாசிக்கச் செய்து காதால் கேட்பது. எந்த நூலின் நடையைத் தம்முடைய பேச்சிலும் எழுத்திலும் பின்பற்ற முடியுமோ அந்த நூலையே தேர்ந்தெடுத்து நூறு முறையானாலும் கேட்பார்.

இந்த நித்திய கருமங்களிலே என் மனத்தைக் கவர்வது அந்தக் காலை நான்கு மணி நேரம். வெயில் ஏறிக்கொண்டிருக்கும் கடற்கரை வீட்டிலே, சட்டமிட்ட ஓலைச் சுவடியை மடிமேல் வைத்துக்கொண்டு, புள்ளியும் இல்லாமல், நிறுத்தக் குறிகளும் இல்லாமல், சொற்களைப் பிரிக்காமல் இடைவிடாது ஓடும் எழுத்துக்களைத் தட்டுத் தடுமாறி வாசிக்கும் இருபத்தைந்து வயதுப் பரதேசி ஒருவரும், அவர் தவறும் இடத்தில் நிறுத்திச் சீர்செய்து சந்தி பிரித்துக் காட்டும் முதிய புலவர் ஒருவரும், இருவர் பேச்சையும் கவனித்தவாறு எழுத்தாணியும் கையுமாக இருக்கும் மூன்றாமவரும் கூடியிருந்த அந்த இடத்தைப் போன்ற வகுப்பறை இன்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் வாய்ப்பது அரிது. பாஷை கற்பவர் ஒருவருக்கு இரண்டு பேரின் கவனம்! அதன் பயன் உடனே தெரிந்தது. இரண்டு ஆண்டுகளில் 20,000 சொற்களும், 1712-க்குள் 40,000 சொற்களும் கொண்ட அகராதி ஒன்று உருவாயிற்று. தமிழ்ச் சொல், அதன் உச்சரிப்பு, ஜெர்மானியப் பொருள் என்ற முறையில் அமைந்த அந்த அகராதி வழக்கு நடைக்கு உரியது. செய்யுட் சொற்களுக்கு 17,000 சொற்களோடு வேறோர் அகராதியைத் தனியே தொகுத்தார். வெளிநாட்டவர் நம் பாஷையைக் கற்க வரும்போது முதலில் முட்டிக்கொள்வது, புத்தகத்தில் கற்றது கடைத்தெருவில் செல்லாமலும், கடைத்தெருவில் கற்றது புத்தகத்தில் காணாமலும் போகும் அந்த இடத்தில்தான். அதை முதலிலேயே உணர்ந்து இரண்டையும் வெவ்வேறாக வகுத்துக்கொண்ட தெளிவு அவருக்கு இருந்தது.

புத்தகங்கள் சேர்த்த விதமும் குறிப்பிடத்தக்கது. அவருடைய அட்டவணையில் தமிழர்கள் இயற்றிய 119 சுவடிகள் இடம்பெற்றிருக்கின்றன. தம்முடைய எழுத்துக்காரர்களைப் பல நாள் நடைதூரமுள்ள ஊர்களுக்கு அனுப்பி, கணவரை இழந்த அந்தணப் பெண்டிரிடமிருந்து சுவடிகளை விலைக்கு வாங்கி வரச் செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். குடும்பத் தலைவர் காலமான பிறகு வாசிப்பாரின்றிப் பரண்மேல் கிடந்த ஏடுகள் எத்தனையோ, அவ்வழியே அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் 1708-லேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மானிய பாஷையில் மொழிபெயர்த்தார். இவை திண்ணைப் பள்ளியில் குழந்தைகள் உருப்போடும் நூல்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உடன் உட்கார்ந்து படித்த பிள்ளைகளின் பாடப் புத்தகமே அவருக்கும் முதற் புத்தகமாயிற்று. தமிழர்கள் கல்வியும் ஒழுக்கமும் இல்லாதவர்கள் என்று தம் நாட்டார் எண்ணுவது இம்மக்களின் பாஷையை அறியாததால் வந்த தவறு என்றும், நூல்களை வாசித்த பிறகு தம்முடைய அபிப்பிராயம் முற்றிலும் மாறிவிட்டது என்றும் அவர் எழுதத் துணிந்தது இந்தப் பழக்கத்தின் விளைவேயாகும்.

கற்றுக்கொண்டிருக்கும்போதே கற்பிக்கவும் தொடங்கினார். 1707-ல் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. பெண் குழந்தைகளுக்கும் இடம் கொடுத்தார்கள். உணவும் உடையும் தந்து பல பிள்ளைகளைப் பள்ளியிலேயே வைத்துக் காப்பாற்றினார்கள். நாள்தோறும் பிற்பகல் ஒரு மணி நேரம் அவர் நேரே போய்ப் பாடம் கேட்பார். இதற்கெல்லாம் பணம் கப்பலில் வரவேண்டும். ஒரு முறை, ஐரோப்பாவிலிருந்து அனுப்பப்பட்ட பணப் பேழை தரங்கம்பாடிக்கே வந்தும், கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் வழியில் படகு கவிழ்ந்து கடலில் மூழ்கிவிட்டது. கண்ணெதிரே போன அந்தப் பணத்தை நம்பிக் காத்திருந்தவர்களின் நிலை என்னவாக இருந்திருக்கும்! 1708-ஆம் ஆண்டு நவம்பரில், கோட்டைத் தலைவரோடு மூண்ட தகராறில் அவர் சிறைப்பட்டு, நான்கு மாதங்கள் டான்ஸ்பர்க்குக் கோட்டையில் அடைபட்டுக் கிடந்தார். ஆரம்பத்தில் காகிதமும் பேனாவும் கூட மறுக்கப்பட்டன. நாளெல்லாம் சொற்களோடு வாழ்ந்தவருக்கு அதைவிடக் கொடிய தண்டனை இருக்க முடியாது.

விடுதலையான பிறகு 1709-ல், நம்மவரைப்போல் வெண்ணிற உடை தரித்துத் தஞ்சையை நோக்கிப் புறப்பட்டார். சிறிது தூரமே செல்ல முடிந்தது. அரசருடைய ஆட்கள் பிடித்துவிடுவார்கள் என்று வழியில் நல்லெண்ணமுடையவர்கள் எச்சரித்ததனால் திரும்ப வேண்டியதாயிற்று. இந்தச் செய்தியை வாசிக்குந்தோறும் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாவதற்குக் காரணம் உண்டு. அப்போது தஞ்சையை ஆண்டவர் சாகஜி மன்னர். அவர் 1693-ல் பண்டிதர்களுக்கென்றே மானியமாக வழங்கிய திருவிசநல்லூர், திருவிடைமருதூருக்கு வெகு சமீபத்தில் இருக்கிறது. வித்துவான்களும் சாஸ்திர விற்பன்னர்களும் வீட்டுக்கு வீடு இருந்த ஊர் அது. மற்றொரு திசையில் திருவாவடுதுறை மடம், தலைமுறை தலைமுறையாகத் தமிழும் சைவமும் வளர்த்து வந்தது. திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி சந்நிதியில் நித்தமும் திருமுறை ஓதப்பட்டது. இப்படி ஓலையும் நாவும் ஓயாதிருந்த ஒரு பிரதேசம் இரண்டு மூன்று நாள் நடையில் இருக்க, அதை எட்டிப் பார்க்கவும் இடமின்றி, கடற்கரையில் கிடைத்த ஒரு வாத்தியாரையும் ஒரு புலவரையும் கொண்டே அவர் அவ்வளவு கற்றார். இங்கே வந்து சேர்ந்திருந்தால் இன்னும் எவ்வளவு கற்றிருப்பார்!

போக முடியாத ஊர்களுக்குக் கடிதம் போயிற்று. 1712 முதல் 1714 வரையில் சீகன்பால்குவும், ஹல்லேயில் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு 1709-ல் வந்து சேர்ந்த கிருண்ட்லரும், கற்றறிந்த தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பிப் பதில்கள் பெற்றார்கள். சமயம், மருத்துவம், குடும்ப வழக்கம், கல்வி என்று நம் வாழ்க்கையின் பல துறைகளையும் பற்றித் தமிழர்களே எழுதிய 99 கடிதங்கள் ஜெர்மானிய மொழிபெயர்ப்பில் ஹல்லே நகரத்தில் அச்சாயின. அவற்றுள் பலவற்றை எழுதியவர் அழகப்பனே என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

1714-ஆம் ஆண்டு அக்டோபரில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது, மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் தம்மோடு அழைத்துச் சென்றார். பருவம் முதிராத பிள்ளை. கப்பலிலும், பனி மூடிய நாட்டிலும், தமிழோசை தம்மை விட்டு நீங்காதிருக்க வேண்டும் என்பதே அவரை அழைத்துச் சென்றதன் நோக்கம். பிரயாணத்தின்போது சீகன்பால்கு லத்தீன் பாஷையில் இயற்றிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹல்லேயில் அச்சாயிற்று. அந்நிய தேசத்தில் இருந்துகொண்டு தம் பாஷையின் ஓசையையும் வழக்கையும் பிறருக்கு உணர்த்திய நம் இளைஞர்களின் வரிசையைத் தொடங்குவதென்றால், மலையப்பனிலிருந்தே தொடங்க வேண்டும். அவர் 1716-ல் ஆசிரியரோடு நாடு திரும்பினார். ஜெர்மனியில் குளிர்காலத்தை அவர் எப்படிக் கழித்தார், எதைத் தின்றார், யாரோடு பேசினார் என்பதை அவரே எழுதியிருந்தால் அது எவ்வளவு அருமையான நூலாக இருந்திருக்கும்!

ஹல்லேயில் தமிழ் பயிலும் வழக்கம் அதன் பின்னரும் நிலைத்தது. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் இருந்துவிட்டுத் திரும்பிய சூல்ட்சே என்பவரிடம் அங்கேயே தமிழின் ஆரம்பப் பாடங்களைக் கற்றுக்கொண்டு, 1750-ல் தம் 23-ஆம் வயதில் தரங்கம்பாடிக்கு வந்தவர் ஷ்வார்ட்சு. தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் ஏற்பட முயன்றவரும், தஞ்சை இளவரசர் சரபோஜிக்குப் பாதுகாவலராக இருந்தவரும் அவரே. சரபோஜிக்கு 1798-ல் பட்டம் கிடைத்ததும், சிங்காதனத்தை இழந்த அமர்சிங்கு மன்னர் வந்து தங்கியது நம் திருவிடைமருதூரில். சீகன்பால்கு காண முடியாமற் போன ஊர், இப்படியாக அந்தப் பாதிரிமார்களின் சரித்திரத்தோடு சம்பந்தப்பட்டது.

சீகன்பால்குவின் நோக்கம் மதமாற்றம் என்பதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைத்தவரல்லர். நம் தெய்வ வழிபாட்டைக் கண்டித்து அவர் எழுதியவற்றில் சைவனாகிய எனக்குச் சம்மதமில்லாத பகுதிகள் பல. ஆயினும், நம் தெய்வங்களைப்பற்றி 1713-ல் அவர் எழுதி முடித்த விரிவான நூலை, ஐரோப்பாவில் புறச்சமயப் பொய்களைப் பரப்புவது தகாது என்று சொல்லி ஹல்லேயிலிருந்த பெரியவர்களே அச்சிட மறுத்தார்கள் என்பதையும், அது அச்சேறியது 1867-ல் சென்னையில்தான் என்பதையும் எண்ணிப் பார்க்கும்போது, கண்டிக்க வந்தவரிடத்தே கற்கும் ஆர்வம் எவ்வளவு மேலோங்கி நின்றது என்பது விளங்கும். அவர் 1719-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி, 36-ஆம் வயதிலேயே காலமானார். தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்தில் அவருடைய சமாதி இருக்கிறது; ராஜத் தெருவில் நடந்தால் அதைக் காணலாம். அவர் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில் 2017 முதல் ஓர் அருங்காட்சியகமும் நடந்து வருகிறது.

பார்க்கப் போகிறவர்கள் அந்த எழுபது வயது வாத்தியாரையும், அவருக்குப் பின் வந்த புலவரையும், அழகப்பனையும், மலையப்பனையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விண்ணப்பம். மற்றொன்றும் உண்டு. தமிழ் கற்க வேண்டும் என்ற ஆசையோடு நம் ஊர்களுக்கு இன்றும் வெளிநாட்டு இளைஞர்கள் வருகிறார்கள். நம் கோயில் வாசலிலோ காப்பிக் கடையிலோ அவர்களில் ஒருவர் தப்பும் தவறுமாகத் தமிழில் ஒரு வார்த்தை கேட்டால், நம் ஆங்கிலத்தை அவரிடம் காட்டாமல், அவருக்கு விளங்கும்படி நிறுத்தி நிதானமாகத் தமிழிலேயே பதில் சொல்லுங்கள்.